ஊசி மருந்துக்குள் யாருடைய இரத்தம்?

தாய்மார்களே, உங்கள் இரத்த வகை என்னவென்று கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்களா? ஏ, பி, ஓ என்று சொல்லிவிட்டு நின்றுவிடக் கூடாது. அதன் வாலில் ‘பாசிட்டிவ்’ என்று இருக்கிறதா, ‘நெகட்டிவ்’ என்று இருக்கிறதா? பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் அது எழுதியிருக்கும். பழைய புத்தகம் பெட்டியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் செலாயாங்கில் என் தங்கை வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டு மருமகள் பிங்க் புத்தகமும் கையுமாக வந்தாள். முதல் பிள்ளை, ஐந்து மாதம். புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘ஓ ஆர்எச் நெகட்டிவ்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அவளுக்குப் பின்னாலேயே மாமியாரும் வந்தார். ‘நெகட்டிவ்’ என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா…” என்று இழுத்தார். அதன் பிறகு அவர் சொல்ல வந்ததை அவரே விழுங்கிக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் கவலை வேறு. “டீச்சர், 28ஆவது வாரத்தில ஒரு ஊசி போடணும்னு மிஸ்ஸி சொல்றாங்க. அது மனுசன் ரத்தத்திலேருந்து எடுக்கிற மருந்தாமே! யாரு ரத்தம் டீச்சர் அது?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன். யாரு எவருன்னு தெரியாதவங்க ரத்தம் நம்ம வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு? வேணாம்னு எழுதிக் கொடுத்திடலாம்” என்றார் மாமியார்.

ஊசியைப் போட்டுக்கொள் என்று மட்டும் அன்று என்னால் சொல்ல முடிந்தது. யாருடைய இரத்தம் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்த ஆசிரியர் பயிற்சிப் பாடத்தில் அந்த அளவுக்கு விஞ்ஞானம் கிடையாது. ஆகவே தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இந்த ‘ஆர்எச்’ என்பது நோயும் அல்ல, குறையும் அல்ல. நம் சிவப்பணுக்களின் மேல்தோலில் ‘டி’ என்று ஒரு பொருள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். அவ்வளவுதான். 1940இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர், அலெக்சாண்டர் வீனர் என்ற இருவர் ரீசஸ் குரங்கின் இரத்தத்தை வைத்துச் செய்த ஆராய்ச்சியில் இது வெளிப்பட்டதால், அந்தக் குரங்கின் பெயரே இதற்கு நிலைத்துவிட்டது. வெள்ளைக்காரர்களில் நூற்றுக்குப் 15 பேர் நெகட்டிவ். மலாய்க்காரர்களிலும் சீனர்களிலும் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம்மவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறார்கள். அதாவது ஒரு கிளினிக்கில் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களில், நம் வீட்டுப் பெண்ணுக்கு இது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ், வயிற்றிலிருக்கும் பிள்ளையும் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்தின்போது பிள்ளையின் இரத்தம் சிறிதளவு தாயின் உடம்பில் கலந்துவிடும். தாயின் உடம்பு ‘டி’யைப் பார்த்ததே இல்லை. அந்நியன் புகுந்துவிட்டான் என்று எண்ணி அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கத் தொடங்கும். முதலில் உண்டாகும் எதிர்ப்பொருள் உருவத்தில் பெரியது, நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அது உண்டாவதற்குள் முதல் பிள்ளையும் வெளியே வந்து தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும். ஆபத்து அடுத்த பிள்ளைக்கு. இரண்டாம் முறை தாயின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் சிறியது, வேகமானது, நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகக் கூடியது. அது வயிற்றிலிருக்கும் பிள்ளையின் சிவப்பணுக்களைப் பிடித்து அழித்துவிடும். பிள்ளை சோகை பிடித்துப் போகும். உடம்பெல்லாம் நீர் கோக்கும். பிறந்தாலும் மஞ்சள் காமாலை மூளைவரை ஏறும். பல பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விடும்.

பழைய லயங்களில் “தலைச்சன் தங்கிச்சு, அப்புறம் ஒண்ணும் தங்கலே” என்று சொல்லிச் சொல்லி அழுத பாட்டிமார்களை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தோஷம் என்றார்கள், செய்வினை என்றார்கள். எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களில் சிலருக்காவது இதுதான் காரணமாக இருந்திருக்கும்.

1960களில் இங்கிலாந்தின் லிவர்ப்பூலிலும் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இரண்டு குழுவினர் தனித்தனியே ஒரு யோசனையைச் செய்து பார்த்தார்கள். தாயின் உடம்பு விழித்துக்கொள்வதற்கு முன்பே, வேறொருவர் உடம்பில் தயாரான டி-எதிர்ப்பொருளைத் தாய்க்கு ஊசியாகப் போட்டுவிட்டால் என்ன? அது பிள்ளையின் சிவப்பணுக்களைத் துடைத்தெடுத்துவிடும். தாயின் உடம்புக்கு அந்நியன் வந்ததே தெரியாமல் போகும். திருடன் வந்து போன தடத்தை, வீட்டுக்காரர் எழும் முன் பெருக்கிவிடுவது மாதிரி. யோசனை பலித்தது. 1968இல் மருந்து விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் இத்தகைய தாய்மாரில் நூற்றுக்குப் 16 பேர் அளவில் எதிர்ப்பொருள் உண்டாகிக்கொண்டிருந்தது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் அது இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. 28ஆவது வாரத்திலும் ஒன்று போட்டால் இன்னும் குறைந்துவிடும். கருச்சிதைவு ஆனாலும் ஊசியைக் கேட்டுப் பெற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, யாருடைய இரத்தம்?

டி-எதிர்ப்பொருள் உடம்பில் ஏற்கெனவே உள்ள மனிதர்கள் தானமாகக் கொடுக்கும் பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் மஞ்சள் நீர். அவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹாரிசன். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவை சிகிச்சை. முகமறியாத பலர் கொடுத்த இரத்தத்தால் பிழைத்தார். பெரியவனானதும் நானும் கொடுப்பேன் என்று சொன்னவர், 1954இல் 18 வயதானதும் கொடுக்கத் தொடங்கினார். அவர் இரத்தத்தில் டி-எதிர்ப்பொருள் ஏராளமாக இருப்பது பின்னர் தெரிந்தது. 2018இல், 81ஆவது வயதில் நிறுத்தும்வரை அவர் கொடுத்தது 1,173 முறை! அதில் 1,163 முறை வலது கை, 10 முறைதான் இடது கை. இத்தனைக்கும் ஊசி என்றால் பயம். குத்தும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வாராம். அவருடைய தானத்தால் 24 இலட்சம் குழந்தைகள் பயனடைந்ததாக ஆஸ்திரேலிய இரத்த தான அமைப்பான லைஃப்பிளட் கணக்குச் சொல்கிறது. 2025 பிப்ரவரியில், 88 வயதில், தூக்கத்திலேயே காலமானார்.

ஹாரிசனைப் போன்ற மனிதர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்? ஆஸ்திரேலியாவிலேயே இருநூறுக்கும் குறைவு. ஆண்டுக்குச் சுமார் 45,000 தாய்சேய்களுக்கு அவர்களை நம்பித்தான் மருந்து. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. முன்பு, பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரின் உடம்பிலேயே எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களில் பலர் தானம் கொடுத்தார்கள். ஊசி வந்த பிறகு அப்படிப்பட்ட தாய்மார் அருகிப்போனார்கள். மருந்து நன்றாக வேலை செய்யச் செய்ய, மருந்துக்கு மூலப்பொருள் குறைகிறது! இப்போது நெகட்டிவ் வகையைச் சேர்ந்த தொண்டர்களுக்குப் பாசிட்டிவ் சிவப்பணுவைச் சிறிதளவு ஏற்றி, வேண்டுமென்றே எதிர்ப்பொருளை உண்டாக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே விஞ்ஞானிகள் கேட்டார்கள்: எதிர்ப்பொருளைச் செய்வது ஹாரிசன் என்ற மனிதர் அல்லவே, அவர் இரத்தத்திலுள்ள ஒரு வகை வெள்ளை அணுதானே? அந்த அணுவை மட்டும் எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, அங்கேயே எதிர்ப்பொருளைச் சுரக்கவைக்க முடியாதா?

அந்த வெள்ளை அணுவின் பெயர் பி அணு. ஒவ்வொரு பி அணுவும் ஒரே ஒரு வகை எதிர்ப்பொருளைத்தான் செய்யும். அம்மைக்கு ஒன்று, இளம்பிள்ளை வாதத்துக்கு வேறொன்று, ‘டி’க்கு இன்னொன்று. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஓரிரண்டு இலட்சம் பி அணுக்கள் இருக்கும். அவற்றில் ‘டி’யை அறிந்தவை விரல்விட்டு எண்ணக் கூடியவை. சாதாரண நாளில் அவை தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்பப்பட்ட பி அணுதான் பருத்துப் பெருகி, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைக் கொட்டும்.

எடுப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? குழாயில் அடர்த்தியான ஒரு சர்க்கரைக் கரைசலை ஊற்றி, அதன் மேல் இரத்தத்தை மெதுவாக விட்டு, இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள். சிவப்பணு கனம், அடியில் போய்விடும். வெள்ளை அணுக்கள் நடுவில் மெல்லிய படலமாக, கஞ்சியின் ஆடை போல் நிற்கும். அதில் பி அணுவோடு டி அணு என்ற இன்னொரு வகையும் கலந்திருக்கும். (இந்த ‘டி’ வேறு, இரத்த வகை ‘டி’ வேறு, தமிழில் எழுத்து ஒன்றாகிவிட்டது என் குற்றமல்ல. குழப்பம் வேண்டாம், இதை ‘உதவி அணு’ என்றே சொல்கிறேன்.) அந்த நாளில் உதவி அணுக்களைப் பிரிக்க ஆட்டு இரத்தத்தைப் பயன்படுத்தினார்கள். செம்மறியாட்டின் சிவப்பணுக்கள் மனித உதவி அணுவைச் சுற்றிப் பூவிதழ் போல் ஒட்டிக்கொள்ளும், பி அணுவை ஒட்டாது. மறுபடி சுற்றினால், பூவாக ஒட்டியவை கனத்தால் கீழே போய்விட, பி அணுக்கள் மேலே நிற்கும்.

பிரித்த பி அணுவை, உப்பும் சர்க்கரையும் சத்துகளும் கலந்த இளஞ்சிவப்பு நீரில் விட்டு, உடம்புச் சூடான 37 பாகை செல்சியஸில் வைப்பார்கள். ஆனால் சும்மா வைத்தால் சில நாளில் செத்துவிடும். உடம்புக்குள் பி அணுவை எழுப்ப மூன்று கட்டளைகள் வேண்டும். தனக்குரிய அந்நியப் பொருள் வந்து தன் மேல் ஒட்டவேண்டும். அது முதல் கட்டளை. உதவி அணு வந்து, சிடி 40 என்ற பி அணுவின் கைப்பிடியைப் பிடித்து உலுக்க வேண்டும், அது இரண்டாவது. இன்டர்லூக்கின் எனப்படும் இரசாயனத் தூது வந்து சேரவேண்டும், அது மூன்றாவது. மண்டோர் பெயரைக் கூப்பிட்டு, தோளைத் தட்டி, கையில் வாளியையும் கொடுத்தால்தான் சிலர் வேலைக்கு எழுவார்கள் இல்லையா, அப்படி.

கண்ணாடிக் கிண்ணத்தில் மண்டோருக்கு எங்கே போவது? 1970களில், போக்வீட் என்ற அமெரிக்கக் காட்டுச் செடியின் வேரிலிருந்து எடுத்த புரதத்தைப் போட்டார்கள். உதவி அணுக்களும் கூட இருந்தால், அது எல்லோரையும் பொதுவாகத் தட்டி எழுப்பியது, பி அணுக்கள் சில நாள் எதிர்ப்பொருளைச் சுரந்தன, பிறகு அடங்கிவிட்டன. எலியின் பி அணுவைப் பாக்டீரியாவின் மேல்தோல் நஞ்சே எழுப்பிவிடும். மனிதனுடையது அதற்கு அசைந்துகொடுக்காது. மனிதனுடைய பி அணுவோடு மல்லுக்கட்டிய விஞ்ஞானிகளின் பொறுமையை நினைத்தால், ஐந்தாம் ஆண்டு வகுப்பை நடத்தும் எனக்கே வியப்பாக இருக்கிறது.

1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலர், சீசர் மில்ஸ்டீன் இருவரும் எலியின் பி அணுவைச் சாவில்லாத ஒரு புற்றணுவோடு இணைத்து, ஒரே எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கவைத்தார்கள். 1984இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் நம் விஷயத்துக்கு எலி உதவவில்லை. மனிதச் சிவப்பணுவை எலிக்கு ஏற்றினால் வேறு பலவற்றுக்கு எதிர்ப்பொருள் செய்கிறதே தவிர, ‘டி’க்குச் செய்ய மாட்டேன் என்கிறது. மனித பி அணுதான் வேண்டும்.

வழி காட்டியது ஒரு கிருமி. 1964இல் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் ஒரு கட்டியில் எப்ஸ்டீன், பார் முதலியோர் கண்ட வைரஸ் அது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்றே பெயர். பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கிறது. இந்த வைரஸுக்கு ஒரு விசேஷ குணம்: மனித பி அணுவுக்குள் புகுந்தால் அதைச் சாகவிடாது; பெருகிக்கொண்டே இருக்கச் செய்யும். 1977இல் சுவீடனிலும் பின்லாந்திலும் இருந்த ஆய்வாளர்கள், ஒரு குறிப்பிட்ட பொருளை அறிந்த பி அணுக்களை முதலில் பொறுக்கியெடுத்து, இந்த வைரஸைக் கொடுத்து, வேண்டிய எதிர்ப்பொருளையே சுரக்கவைத்துக் காட்டினார்கள். இங்கேதான் முன்பு சொன்ன பிரிப்பு முக்கியமாகிறது. இரத்தம் கொடுத்தவரின் உதவி அணுக்கூட்டம் உடன் இருந்தால், வைரஸ் ஏறிய பி அணுக்களைப் பகையென்று கொன்றுவிடும். அதனால்தான் அவற்றை நீக்குகிறார்கள்; அல்லது சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கலந்து அடக்கிவைக்கிறார்கள்.

1983இல் லண்டனில் ஒரு குழு இதே முறையில் டி-எதிர்ப்பொருளைக் கிண்ணத்தில் சுரக்கவைத்தது. தொண்டருக்குப் பாசிட்டிவ் அணுவை ஏற்றி, சில நாள் கழித்து இரத்தம் எடுத்து, பி அணுவைப் பிரித்து, வைரஸைக் கொடுத்து, தட்டிலுள்ள நூற்றுக்கணக்கான சிறு குழிகளில் பிரித்துவிடுவார்கள். எந்தக் குழியில் ‘டி’யை அறிந்த அணு இருக்கிறது? குழியின் நீரில் ஒரு சொட்டு எடுத்துப் பாசிட்டிவ் சிவப்பணுவோடு கலந்து பார்ப்பார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ரப்பர் பாலில் ஆசிட் விட்டதும் திரிகிறதே, அதைப் போலக் கண்ணுக்குத் தெரியும். நெகட்டிவ் அணுவோடு கலந்தால் திரியக் கூடாது. இந்தச் சோதனை கூர்மையாக இருக்க, சிவப்பணுக்களை முன்னதாகப் பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன் என்ற பொருளால் பதப்படுத்துவதுண்டு. பிள்ளைத்தாய்ச்சி பப்பாளியைத் தொடக்கூடாது என்று நம் வீடுகளில் விரட்டுகிறோம். அதே பப்பாளிப் பால் பிள்ளைத்தாய்ச்சிக்கான மருந்தைத் தேடுவதற்குத் துணைபோகிறது பாருங்கள்.

கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. எதிர்ப்பொருள் செய்யாத சோம்பேறி அணுக்கள் வேகமாகப் பெருகி, உழைக்கும் அணுவை மூடிவிடும், களை பயிரை மூடுவதுபோல. ஆகவே ஒவ்வோர் அணுவாகத் தனிக்குழியில் விட்டுத் திரும்பத் திரும்பப் பொறுக்கவேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் இப்படிப் பொறுக்கி வளர்த்த இரண்டு அணு வம்சங்கள் பிராட்-3, பிராட்-5 எனப் பெயர் பெற்றன. அவை சுரந்த எதிர்ப்பொருளை 1990களில் தொண்டர்களுக்குச் செலுத்திப் பார்த்தபோது, பாசிட்டிவ் சிவப்பணுவைத் துடைத்தெடுத்தன. புது எதிர்ப்பொருள் உண்டாவதையும் பெரும்பாலும் தடுத்தன. ஆனால் எல்லாச் சோதனையும் இப்படி நல்லபடியாக முடியவில்லை. எதிர்ப்பொருளின் மேல் சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டியிருக்கும்; எந்த அணுவில் செய்கிறோமோ அதற்கேற்ப அந்தச் சர்க்கரை மாறும்; மாறினால் உடம்புக்குள் அதன் வேலையும் மாறிவிடும். வேறு அணுக்களில் செய்த சில எதிர்ப்பொருள்கள் ஏமாற்றியது இதனால்தான்.

இதற்கிடையில் வைரஸ் இல்லாமலே பி அணுவை எழுப்பும் வழியும் வந்துவிட்டது. 1991இல் பிரான்சின் லியோன் நகரில், எலியின் தோலணுவைத் தரையாக விரித்து, அதிலிருந்தே சிடி 40 கைப்பிடியைப் பிடித்து உலுக்க ஏற்பாடு செய்து, இன்டர்லூக்கின்-4ஐயும் ஊற்றினார்கள். மனித பி அணுக்கள் வாரக் கணக்கில் பெருகின. மண்டோர் இல்லாத இடத்தில் மண்டோரின் கையை மட்டும் செய்து வைத்தது போல! 2004இல் சுவிட்சர்லாந்தின் பெல்லின்சோனாவில் வேறொரு குழு, வைரஸோடு பாக்டீரியாவின் மரபுப்பொருளைப் போன்ற ஒரு துணுக்கையும் சேர்த்துக் கொடுத்தபோது, முன்பு சிரமப்பட்டு எழுந்த பி அணுக்கள் பெருமளவில் எழுந்தன. சார்ஸ் காய்ச்சலில் பிழைத்தவரின் பி அணுவிலிருந்து அவர்கள் எதிர்ப்பொருள் எடுத்தார்கள். 2003இல் சார்ஸ் கண்ட ஒருவரின் பி அணுக்கள் வைத்திருந்த நினைவுதான், 2020இல் கோவிட்டுக்கு சொட்ரோவிமாப் என்ற மருந்து உருவாக வேராயிற்று. கோவிட் கிருமி உருமாறிய பின் அந்த மருந்தின் பலன் குறைந்துபோனது வேறு கதை.

டி-எதிர்ப்பொருளுக்கு வருவோம். இந்தியாவின் பாரத் சீரம்ஸ் அண்ட் வேக்சின்ஸ் நிறுவனம், பிளாஸ்மா இல்லாமல் அணு வளர்ப்பில் செய்த ஊசியைக் கொண்டுவந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் லைஃப்பிளட்டும் மெல்பர்னிலுள்ள வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வுக்கழகமும் ஹாரிசனுடைய இரத்தத்தையும் மற்றத் தானக்காரர்களுடைய இரத்தத்தையும் வைத்து, அந்த எதிர்ப்பொருள் கலவையை ஆய்வகத்தில் உண்டாக்க உழைத்துவருகின்றன. அந்த முயற்சிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் ‘ஜாடிக்குள் ஜேம்ஸ்’. மனிதர் போய்விட்டார், அவர் செய்த வேலையை ஒரு ஜாடிக்குக் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறார்கள். அது கைகூடும் வரையில், உலகின் பெரும்பாலான தாய்மாருக்குப் போடும் ஊசி, முகம் தெரியாத யாரோ ஒருவர் கையை நீட்டிக் கொடுத்ததுதான்.

இவ்வளவையும் குறிப்பெடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் செலாயாங்குக்குப் போனேன். மருமகளைவிட மாமியார்தான் அதிகம் கேட்டார். 1,173 முறை என்றதும் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். எழுதிக் கொடுக்கும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

28ஆவது வாரத்தில் ஊசி போட்டார்கள். பெண் குழந்தை, ஓ பாசிட்டிவ். பிரசவமான மறுநாள் இரண்டாவது ஊசி. முப்பது முடிந்து நான் பார்க்கப் போனபோது, மாமியார் பேத்தியை மடியில் போட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், அந்த ஆஸ்திரேலியாக்காரருக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?”

“ஒரு மகள் இருக்காங்க அக்கா. அவங்களும் இதே ஊசியைப் போட்டுக்கிட்டவங்கதான்.”

“அப்படியா” என்றார். குழந்தையைத் திருப்பிப் போட்டு முதுகில் எண்ணெய் தடவியபடியே, அடுத்த கிளினிக் என்றைக்கு என்று மருமகளைக் கேட்டார்.